விலா எலும்பில் வரிசையாக மூன்று புள்ளிகள்: ஒரு புராஸ்டேட் நோயாளியின் போன் ஸ்கேன்

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். வயது 71. வெண்ணாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், குறுவை, சம்பா என்று இன்னும் தானே வயலில் இறங்கிப் பார்க்கிறவர். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை. யார் என்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்த நிகழ்வை எழுதக் காரணம் அவர் கையில் இருந்த போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) ரிப்போர்ட். 'பல இடங்களில் எலும்புப் பரவல்' என்று ஒரே வரி. அதை வைத்து அவரைப் புராஸ்டேட் புற்றுநோயின் நான்காம் நிலை நோயாளி என்று முடிவு கட்டி, நோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனை நிறுத்துவதற்காக விதைகளை நீக்கும் ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள்கூடக் குறித்துவிட்டார்கள். மகன் வீட்டில் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. யூராலஜிஸ்ட் ஒருவருக்கு மட்டும் அந்த ரிப்போர்ட்டில் ஏதோ இடித்திருக்கிறது; 'பிஎஸ்எம்ஏ பெட் எடுத்துப் பார்க்கலாமா' என்று (புராஸ்டேட் நோயைத் தேடும் இன்னொரு வகை ஸ்கேன், பின்னால் சொல்கிறேன்) ஒரு சீட்டு எழுதி எங்கள் அணு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் இந்தக் கதையே வேறு.

நடந்தது என்ன

ஒரு வருடமாகவே சிறுநீர் மெலிசாகத்தான் வந்திருக்கிறது, ராத்திரியில் நாலைந்து முறை எழுந்திருக்கிறார், வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டார். உள்ளூர் டாக்டர் சிறுநீர் தடையில்லாமல் போக டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார், கொஞ்ச நாள் தேவலை. பங்குனியில் ஒரு நாள் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டது. அவசரமாக டியூப் போட்டார்கள், அன்றைக்கே ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) பார்த்தார்கள்: 46.

இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், டியூப் போட்டாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் பிஎஸ்ஏ ஏறும். அடைப்பு தீர்ந்து சில வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது 34. இறங்கியிருந்தாலும் அதிகம்தான். (புராஸ்டேட் வீக்கத்தைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடு, டுட்டாஸ்டிரைடு மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சிக்கல் உண்டு: ஆறு மாதம், ஒரு வருடம் என்று சாப்பிட்டால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் குறைந்து தெரியும். வந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். இவர் அதைச் சாப்பிடவில்லை.)

விரல் வைத்துப் பார்த்ததில் புராஸ்டேட்டின் இடது பக்கம் கல் மாதிரி கெட்டி. எம்ஆர்ஐயில் இடது பக்கக் கட்டி உறையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. பயாப்ஸியில் 12 துண்டு எடுத்ததில் 7ல் புற்றுநோய், செல்கள் எவ்வளவு மோசம் என்று சொல்லும் கிளீசன் மதிப்பெண் 4+4=8. ஆக இது அதிக அபாய வகை. இந்த வகைக்குப் பரவல் பார்ப்பது கட்டாயம், அதனால் போன் ஸ்கேனுக்கு அனுப்பியதில் தவறே இல்லை. கேள்வி எல்லாம் அதை எப்படி எடுத்தார்கள், எப்படி வாசித்தார்கள் என்பதில்தான்.

படத்தில் இருந்தவை

படம் வேறொரு ஊரில் எடுத்தது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, முழு உடம்புக்கு இரண்டே தட்டைப் படம். வலது பக்கம் 6, 7, 8ஆம் விலாக்களில் ஒவ்வொரு கறும்புள்ளி. இடுப்புக்கு மேல் நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகள் சேரும் இடத்தில் ஒன்று. வலது தொடை எலும்பின் மேல்பகுதியில் ஒன்று. மொத்தம் ஐந்து.

போன் ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை எம்டிபி என்ற பாஸ்பேட் வகை மருந்தோடு சேர்த்து ஊசியாகப் போடுகிறோம், வழக்கமாக 20 மில்லிகியூரி அளவில். டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 6 மணி. மாலிப்டினம்-99 இருக்கும் ஜெனரேட்டரிலிருந்து அன்றன்று காலையில் வடித்து எடுப்போம். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி என்பதால் ஒரு ஜெனரேட்டர் ஒரு வாரத்துக்கு ஓடும். ஊசி போட்டு மூன்று மணி நேரம் காத்திருந்து, நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் கேமரா தலையிலிருந்து கால்வரை படம் எடுக்கும்.

மருந்து போய் ஒட்டுவது, எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடத்தில். புற்றுநோய் வந்து உட்கார்ந்தால் எலும்பு தன்னைச் சுற்றிக் கட்ட ஆரம்பிக்கும், அதனால் கறுக்கும். எலும்பு உடைந்து கூடும்போதும் இதேதான் நடக்கும், மூட்டு தேய்ந்தாலும் இதேதான். எலும்பு கட்டுமானம் எங்கே நடக்கிறது என்று மட்டும் இந்த ஸ்கேன் சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஆகவே புள்ளியைப் பார்த்ததும் பரவல் என்று எழுதிவிடக் கூடாது. எந்த எலும்பு, எலும்பில் எந்த இடம், என்ன வடிவம், அந்த ஆளுக்கு அங்கே என்ன ஆயிற்று என்று நாலையும் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும்.

விலா எலும்புக்கு ஒரு பழைய விதி உண்டு, எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அடுத்தடுத்த விலாக்களில் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில், சின்னதாக, உருண்டையாகப் புள்ளிகள் இருந்தால் முதல் சந்தேகம் அடிபட்டது என்பதுதான். புற்றுநோய் விலாவின் நீளத்தோடு ஓடும், நீட்டுவாக்கில் கறுக்கும். இவருக்கு மூன்றும் அளவெடுத்து வைத்த மாதிரி ஒரே கோட்டில்.

கேட்டதும் கிடைத்ததும்

"ஐயா, சமீபத்தில எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லீங்க தம்பி. நான் எங்க விழப் போறேன்."

அவர் மனைவி பக்கத்திலேயே நின்றார். "ஏன், தை மாசக் கடைசியில கொள்முதல் நிலையத்துல மூட்டை மேலேருந்து விழலையா? ரெண்டு வாரம் தைலம் தேச்சுவிட்டேனே" என்றார்.

பருவம் தப்பிய மழை வந்த ராத்திரி அது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவதற்காக அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் நனைந்துவிடும் என்று, மேலே ஏறித் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறார். ஈரச் சாக்கில் கால் வழுக்கி வலது பக்கமாகக் கீழே கிடந்த கட்டையில் விழுந்திருக்கிறார். மூச்சு இழுக்க முடியாத வலி, ஆனால் நெல்லை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக மனசு வரவில்லை. எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. ஸ்கேன் எடுத்தது சித்திரையில், அதாவது விழுந்து இரண்டரை மாதம் கழித்து. அந்தக் காலக்கட்டத்தில் உடைந்த விலா போன் ஸ்கேனில் நன்றாகவே கறுக்கும். வயதானவர்களுக்கு ஒரு வருடம் வரைகூடத் தெரிவதுண்டு.

டெல்டாக்காரர்களிடம் இதைக் கேட்டு வாங்குவது சுலபமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரப்பில் வழுக்குவது, மாடு முட்டுவது, தென்னை மட்டை தோளில் விழுவது, பம்ப்செட் மேடையிலிருந்து சறுக்குவது எல்லாம் அவர்கள் கணக்கில் 'விழுந்தது' ஆகாது. 'அடிபட்டுதா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'ரெண்டு நாள் புரண்டு படுக்க முடியாம வலிச்சுதா, எதுக்காவது தைலம் தேச்சீங்களா' என்று கேட்டால் வரும். கூட வந்த அம்மாவிடமோ மகளிடமோ கேட்டால் கட்டாயம் வரும்.

அடுத்தது தொடை. படத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் கறுப்பு முன்பக்கப் படத்தில் மட்டும் அழுத்தமாக இருந்தது, பின்பக்கத்தில் ஏறக்குறைய இல்லை; விளிம்பும் எலும்பைத் தாண்டிச் சதைப் பக்கம் கசிந்திருந்தது. எலும்பில் ஒட்டாத மருந்து முழுவதும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். ஸ்கேன் அன்றைக்கு இவருக்கு டியூபும் பையும் இருந்தன. கேட்டதற்கு மகன் சொன்னார்: பஸ்ஸில் போகும்போதே பையின் இணைப்பு லூசாகி ஒழுகிக்கொண்டிருந்தது, வேட்டியின் வலது பக்கம் ஈரம், மாற்று வேட்டி கொண்டுபோகவில்லை, அதோடேயே படுக்கவைத்துப் படம் எடுத்துவிட்டார்கள். ஒரு சொட்டுச் சிறுநீர் துணியில் பட்டாலே போதும், கேமராவுக்கு அது எலும்புப் புள்ளியாகத் தெரியும். துணியை மாற்றி, தோலைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு படம் எடுத்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும்.

முதுகுப் புள்ளி பாக்கி. முள்ளெலும்பில் புற்றுநோய் பெரும்பாலும் எலும்பின் உடலிலும் அதிலிருந்து பின்னோக்கிப் போகும் தண்டுப் பகுதியிலும் உட்காரும். தேய்மானம் பின்னால் இருக்கும் சின்ன மூட்டுகளில் வரும். தட்டைப் படத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கறுப்பாகத்தான் தெரியும். கேமராவைச் சுற்றிவரச் செய்து முப்பரிமாணப் படமும் சிடியும் சேர்த்து எடுக்கும் ஸ்பெக்ட்-சிடி எடுத்தால் பிரித்துச் சொல்லிவிடலாம். அதற்கு இன்னொரு ஊசி வேண்டியதில்லை, இன்னொரு நாள் வேண்டியதில்லை, அதே மேஜையில் இன்னும் இருபது நிமிடம் படுத்தால் போதும். அந்த வசதி இருக்கும் இடத்தில் சந்தேகப் புள்ளிக்கு ஸ்பெக்ட்-சிடி எடுக்காமல் ரிப்போர்ட் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வசதி இல்லாவிட்டால் 'உறுதி செய்ய வேண்டும்' என்று எழுதலாம், அந்த மூன்று வார்த்தை ஒரு ஆபரேஷனைத் தள்ளிப்போடும்.

பிஎஸ்எம்ஏ பெட்

திரும்பப் போன் ஸ்கேன் எடுப்பதா, நேராகப் பிஎஸ்எம்ஏ பெட்-சிடிக்குப் போவதா? செலவு பல மடங்கு அதிகம், அதனால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம். விலாவும் முதுகும் தொடையும் என்னவென்று போன் ஸ்கேன், ஸ்பெக்ட்-சிடி இரண்டும் சேர்ந்தால் சொல்லிவிடும். ஆனால் இடுப்புக்குள் நெறிகட்டு (நிணநீர் முடிச்சு) எதிலாவது பரவியிருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதிக அபாய வகைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பிஎஸ்எம்ஏ என்பது புராஸ்டேட் செல்களின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம், பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய்களில் அது பல மடங்கு பெருகிக் கிடக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன மூலக்கூறில் கேலியம்-68 அல்லது ஃப்ளூரின்-18 ஏற்றி ஊசி போட்டால், நோய் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பிடிக்கும். ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் உருவான கேலியம்-68 பிஎஸ்எம்ஏ-11க்கு 2020 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதே வருடம் லான்செட்டில் வந்த புரோபிஎஸ்எம்ஏ ஆய்வுதான் இங்கே முக்கியம்: ஆஸ்திரேலியாவில் 10 மருத்துவமனைகளில், இவரைப் போன்ற அதிக அபாய நோயாளிகள் 302 பேர். பரவலைச் சரியாகச் சொன்னதில் பிஎஸ்எம்ஏ பெட்-சிடி 92 சதவீதம், சிடியும் போன் ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம். உடம்பில் ஏறிய கதிர்வீச்சும் பாதிக்குக் கீழே, 19.2க்கு 8.4 மில்லிசீவர்ட்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். ஃப்ளூரின்-18ன் அரை ஆயுள் 110 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருக்கும் ஊரிலிருந்து சாலை வழியாக வர வேண்டும். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஐந்தரை மணி நேரம் என்று வைத்தால் மூன்று அரை ஆயுள் போய்விடும், கிளம்பியதில் எட்டில் ஒரு பங்குதான் வந்து சேரும். கேலியம்-68க்கு அரை ஆயுள் 68 நிமிடம்தான், ஆனால் அதை ஜெர்மேனியம்-68 ஜெனரேட்டரிலிருந்து அந்த இடத்திலேயே வடித்துக்கொள்ளலாம், ஜெர்மேனியத்துக்கு அரை ஆயுள் 271 நாள். அதனால்தான் எங்களைப் போன்ற இடங்களில் கேலியம் ஓடுகிறது. ஒரு முறை வடித்தால் இரண்டு மூன்று பேருக்குத்தான் வரும், நோயாளி பஸ் தவறித் தாமதமாக வந்தால் மருந்து அவருக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று, ஹார்மோன் ஊசியோ விதை நீக்கமோ ஆரம்பிக்கும் முன்பே இந்த ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். சிகிச்சை ஆரம்பித்துவிட்டால் பிஎஸ்எம்ஏயின் அளவு மாறும், சின்னப் பரவல்கள் மறைந்துவிடலாம். இவருக்கு ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிவைத்தது இதற்காகத்தான்.

மகனுக்கு வேறு கவலை. வீட்டில் மருமகள் கர்ப்பம், 'கதிரியக்க ஊசி போட்டு அப்பாவை வீட்டுக்கு அழைச்சுட்டுப் போகலாமா சார்' என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டு என்னிடமும் கேட்டார். நியாயமான கேள்வி. ஊசி போட்டு ஆறு மணி நேரத்தில் கேலியம் நூறில் மூன்று பங்குக்கும் கீழே போய்விடும். அன்றைக்கு ராத்திரி வரை மருமகள் பக்கத்தில் நெருங்கி உட்கார வேண்டாம், சிறுநீர்ப் பையைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றேன். அவ்வளவுதான் தேவை.

பசியோடு வர வேண்டியதில்லை என்று முன்பே சொல்லியிருந்ததால் இட்லி சாப்பிட்டுவிட்டு, இந்த முறை இரண்டு மாற்று வேட்டியோடு வந்தார். பையை மாற்றி, டியூபைச் சரிபார்த்து, ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தோம்.

முடிவு: புராஸ்டேட்டின் இடது பக்கம் பளிச்சென்று, எஸ்யூவி (மருந்து எவ்வளவு ஏறியது என்று சொல்லும் எண்) 18. மூன்று விலாக்களிலும் சிடியில் உடைந்து கூடிய தழும்பு அழகாகத் தெரிந்தது, மருந்து ஏறியது மிக மங்கலாக, கல்லீரலைவிடக் குறைவு. முதுகில் சின்ன மூட்டுத் தேய்மானம், மருந்து ஏறவில்லை. தொடை எலும்பு சுத்தம். எலும்பில் எங்கேயும் புற்றுநோய் இல்லை.

ஆனால் இடது பக்க இடுப்புக்குள், ரத்தக் குழாயை ஒட்டி, ஆறு மில்லிமீட்டர் நெறிகட்டு ஒன்று, எஸ்யூவி 9. எம்ஆர்ஐயில் அதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது, அளவை வைத்துப் பார்த்தால் அது சாதாரண நெறிகட்டு. இல்லாத பரவலை நீக்கியதோடு இருக்கும் பரவலையும் இந்த ஸ்கேன் காட்டியது. டி-3ஏ, என்-1, எம்-0: கட்டி உறையைத் தாண்டியிருக்கிறது, நெறிகட்டில் பரவியிருக்கிறது, தூரப் பரவல் இல்லை.

பிஎஸ்எம்ஏவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடலின் ஆரம்பம் எல்லாம் இயல்பாகவே பளிச்சிடும். வயிற்றுக்குள் பெருந்தமனி பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சு துளி வடிவத்தில் மருந்து ஏற்றும், அதை நெறிகட்டு என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. உடைந்த எலும்பு ஏற்றும், காசநோய் நெறிகட்டு ஏற்றலாம், நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. பேஜெட் நோய் என்று ஒன்று, ஒரு பக்க இடுப்பெலும்பே பருத்து, மேல்தோடு தடித்து இருக்கும். அது போன் ஸ்கேனிலும் கறுக்கும், பிஎஸ்எம்ஏயிலும் பளிச்சிடும், இரண்டு ஸ்கேனும் ஒன்றையே சொல்கிறதே என்று பரவல் என எழுதினால் போச்சு. சிடியில் எலும்பின் உருவத்தைப் பார்த்தவர்தான் தப்பிப்பார். மறுபக்கம், பிஎஸ்எம்ஏவே காட்டாத புராஸ்டேட் புற்றுநோயும் நூறில் ஐந்து முதல் பத்து வரை உண்டு.

போன் ஸ்கேனை ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் என் வாதமில்லை. உடம்பெல்லாம் வலி, பிஎஸ்ஏ நூறுக்கு மேல் என்று வருபவருக்குப் போன் ஸ்கேனே போதும், பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவருக்குச் சில சமயம் படம் முழுக்க ஒரே சீராகக் கறுத்து, அழகான நார்மல் படம் போலவே இருக்கும். அப்போது சிறுநீரகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் மருந்து முழுவதையும் எலும்பே இழுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அது நார்மல் இல்லை, ஒரு எலும்பு விடாமல் பரவிய நோய்.

சிகிச்சை

விதை நீக்கம் மோசமான சிகிச்சை இல்லை. அதனால் நோய் அடங்கும் என்று 1941லேயே ஹக்கின்ஸ், ஹாட்ஜஸ் என்ற இரண்டு டாக்டர்கள் காட்டியது, ஹக்கின்ஸுக்கு 1966ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது, ஊசிக்குத் திரும்பத் திரும்ப வர முடியாதவர்களுக்கு இன்றும் நல்ல வழி. ஆனால் அதைத் திரும்பப் பெற முடியாது. இவருக்கு இப்போது நோக்கம் குணப்படுத்துவது, ஹார்மோன் தடுப்பு சில வருடங்களுக்குத்தான். அதனால் ஆபரேஷனை ரத்து செய்தார்கள்.

ஆண் ஹார்மோனைத் தடுக்க முதலில் பைகலுடமைடு மாத்திரை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை லூப்ரோலைடு ஊசி. கூடவே அந்த ஹார்மோனை உடம்பு தயாரிப்பதையே தடுக்கும் அபிராடெரோன் 1000 மில்லிகிராம், பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம். ஸ்டாம்பீட் என்ற பெரிய புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வில், பரவாத அதிக அபாய நோய்க்கும் நெறிகட்டு வரை போன நோய்க்கும் அபிராடெரோனை இரண்டு வருடம் சேர்த்துக் கொடுத்ததில், ஆறு வருடம் கழித்துத் தூரப் பரவல் இல்லாமல் இருந்தவர்கள் 82 சதவீதம், சேர்க்காதவர்களில் 69. சில மாதம் கழித்துப் புராஸ்டேட்டுக்கும் இடுப்பு நெறிகட்டுகளுக்கும் கதிர்வீச்சு, அந்த ஆறு மில்லிமீட்டர் இடத்துக்குக் கூடுதல் அளவு. பெட் படத்தை அப்படியே கதிர்வீச்சுத் திட்டத்துக்குக் கொடுத்தோம். ஒன்றையும் சொல்ல வேண்டும்: இந்த ஆய்வுகளில் நோயாளிகளைப் பழைய சிடி, போன் ஸ்கேன் வைத்துத்தான் பிரித்தார்கள். ஆகவே அந்த எண்களை இவருக்கு அட்சரம் பிசகாமல் பொருத்த முடியாது.

டியூபை எடுத்தாயிற்று. கதிர்வீச்சின்போது கொஞ்சம் நீர்க்கடுப்பு, அப்புறம் சரியானது. திடீர் திடீரென்று உடம்பு தகிக்கிறது, அசதி இருக்கிறது, வயலுக்குக் காலையில் மட்டும் போகிறார். அபிராடெரோனை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும் என்பதை மனைவி பார்த்துக்கொள்கிறார். ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் மூன்றையும் அடிக்கடி பார்க்கிறார்கள், எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியமும் வைட்டமின் டியும் ஓடுகின்றன. கடைசியாகப் பார்த்த பிஎஸ்ஏ 0.1க்குக் கீழே. ஹார்மோன் தடுப்பு இருக்கும்வரை அது குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்துக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், குடும்பத்திடமும் அப்படியேதான் சொல்லியிருக்கிறேன். ஊசி நிறுத்திய பிறகு வரும் எண்கள்தான் பேச வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு தொட்ட அடிமட்டத்திலிருந்து 2 ஏறினால் நோய் திரும்பியது என்று கணக்கு. அப்போது இன்னொரு பிஎஸ்எம்ஏ எடுக்க வேண்டியிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க இந்த முதல் படத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லி மகனிடம் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்திருக்கிறோம்.